தீவுக்குப் போய்த் திருமணம்: பாடாங் செராயிலிருந்து லங்காவி

இரண்டு வகைப் பிள்ளைகளுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். முதல் வகையினருக்கு வீட்டில் சம்மதம் உண்டு. ஆனால் டேவான் வாடகை, ஆயிரம் பேர் சாப்பாடு, மேடை அலங்காரம், வீடியோ என்று கடன் வாங்கிக் கல்யாணம் செய்ய மனம் இல்லை. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரே இரவில் தீர்க்க விரும்பாத பிள்ளைகள் அவர்கள். இரண்டாவது வகையினருக்கு வீட்டில் ஒப்புதல் இல்லை. சாதி, மதம், பையனின் வேலை, பழைய குடும்பப் பகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரு வகையினருக்கும் தொலைதூரத் தீவு ஒன்றில் அமைதியாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆசை வருகிறது. படத்தில் பார்த்த ஸ்காட்லாந்துத் தீவை நினைப்பவர்களும் உண்டு. ஆனால் நம் கெடா மாநிலத்துக்கே ஒரு தீவு இருக்கிறது. காலையில் பாடாங் செராயில் புறப்பட்டால் மதியத்துக்குள் லங்காவியில் இறங்கிவிடலாம்.

போவது எளிது. போவதற்கு முன் செய்ய வேண்டியதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆகவே ஜெட்டிக்குப் போகும் வழியைச் சொல்வதற்கு முன் பதிவு இலாகாவுக்குப் போகும் வழியைச் சொல்கிறேன்.

பதிவு முதலில்

விக்டோரியா தோட்டமோ ஹென்ரியெட்டா தோட்டமோ, நம் பக்கத்துத் தோட்டங்களில் பழைய தலைமுறைக்குக் கல்யாணம் என்றால் கோயிலில் தாலி, லயத்து வாசலில் பந்தல், பெரியவர்கள் சாட்சி. அது போதுமானதாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், அதாவது சட்டம் 164, 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் இன வழக்கப்படி நடந்து நிலைத்திருந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம்.

சட்டம் மாறிய பிறகும் பழக்கம் மாறாத வீடுகள் நிறைய. அதன் சுமை பெண் மேலும் பிள்ளை மேலும் விழுந்தது. கணவன் விபத்தில் இறந்தால் சொக்சோ பணத்துக்கு மனைவி என்று நிரூபிக்கத் தாள் வேண்டும். தகப்பன் மலேசியர், தாய்க்குக் குடியுரிமை இல்லை, திருமணமும் பதிவாகவில்லை என்றால், அரசியலமைப்புச் சட்டப்படி பிள்ளையின் குடியுரிமை தகப்பனை வைத்துத் தீர்மானிக்கப்படாது. தாயின் நிலையே பார்க்கப்படும். சிவப்பு ஐசி உள்ள தாய்மார்களின் பிள்ளைகள் பள்ளியில் சேரவே அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தீவில் நிலவொளியில் தாலி கட்டிக்கொண்டு "பதிவை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் எவரையும், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், நம்பிப் போகாதீர்கள் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பாடாங் செராய் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே குடியிருப்பவர்கள் கூலிமில் உள்ள தேசியப் பதிவு இலாகாவில் தொடங்க வேண்டும். கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பினாங்கில் வேலை செய்யும் பையன் சனிக்கிழமை லீவு எடுத்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. ஞாயிறு காலை உங்களுக்குத்தான் வசதி. பினாங்கில் லீவு, கெடாவில் கவுண்டர் திறந்திருக்கும்.

இருவரும் நேரில் போக வேண்டும். அசல் ஐசியும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். மணவிலக்கு ஆனவர் நீதிமன்றத்தின் இறுதி ஆணையையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும். தடை ஏதும் இல்லை என்று சத்தியப் பிரமாணமும் கொடுக்க வேண்டும். படிவங்களும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் அதை மட்டும் முன்கூட்டியே கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்திய ஏழு நாட்கள் அந்தப் பதிவு வட்டாரத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. வேலைக்காக வேறு ஊரில் அறை எடுத்திருப்பவர், ஐசியில் உள்ள விலாசமும் இருக்கும் விலாசமும் வேறுபட்டால் அதைச் சரிசெய்துவிட்டுப் போகட்டும்.

நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும். 21 நாட்கள் கழிந்த பிறகுதான் திருமணத்துக்கான சான்று கிடைக்கும். நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று முடிவெடுத்து நாளை மணமுடிக்கச் சாதாரண வழி கிடையாது. மந்திரி பெசார் தரும் சிறப்பு உரிமம் நோட்டீஸ் காலத்தை நீக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படகு டிக்கெட், அறை, தாலி எல்லாவற்றையும் இந்த 21 நாட்களுக்குப் பின்னால் வையுங்கள்.

திருமணத்தன்று பதிவதிகாரி முன் இரண்டு சாட்சிகள் வேண்டும். இருபத்தொன்றைத் தாண்டிய, ஐசியோடு நேரத்துக்கு வந்து நிற்கக்கூடிய இருவரை இப்போதே பேசி வையுங்கள். மாற்றாக மூன்றாவது ஒருவரும் தயாராக இருக்கட்டும். ஷிப்டு மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் நண்பன் சொல்வது புதிதல்ல. இருவரும் சுயமாகச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் திருமணம் நடக்கும். அங்கே தெளிவாக, உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள்.

பதிவதிகாரியைக் கடற்கரைக்கே அழைத்து வந்து நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அலுவலகத்துக்கு வெளியே நடத்தத் தனி உரிமம் தேவை. சில கோயில்களில் குருக்களோ நிர்வாகியோ துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டிருப்பார். அவர் முன்னால் நடப்பது சட்டப்படியான திருமணம். மற்றக் கோயில்களில் நடப்பது சடங்கு மட்டும். அதனால்தான் நிர்வாகங்கள் தேதி கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேட்கின்றன. என் யோசனை இதுதான்: கூலிமில் பதிவை முடியுங்கள், சான்றிதழை வாங்குங்கள், பிறகு தீவில் உங்கள் மனம்போலச் சடங்கு செய்யுங்கள்.

பதினெட்டா, இருபத்தொன்றா?

இதில் நம் பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம். பதினெட்டு நிறைந்தால் மணம் செய்யலாம் என்பது சரிதான். ஆனால் 21 நிறையாதவருக்குத் தந்தையின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், தந்தை இறந்திருந்தால் தாயின் சம்மதம். பத்தொன்பது வயதுப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் பதிவு செய்ய வழியில்லை. சம்மதத்தை நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்றால் நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், காலமும் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி, படிப்பையோ வேலையையோ பிடித்துக்கொண்டு இருபத்தொன்றுவரை பொறுத்திருப்பது. உண்மையான அன்புக்கு இரண்டு வருடம் பெரிய காலம் ஆகாது. பதினெட்டு நிறையாதவர்கள் இந்த அத்தியாயத்தை மூடிவிடுங்கள். பதினாறு நிறையாத பெண்ணைக் காப்பாளர் சம்மதமின்றி அழைத்துப் போவது தண்டனைச் சட்டப்படி கடத்தல், அவள் விரும்பி வந்தாலும் அது கடத்தல்தான்.

இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் சட்டம் 164 பொருந்தாது. அங்கே ஷரியா சட்டமும் மதமாற்றமும் குறுக்கே வருகின்றன. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், படகு டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து தற்காலிக வேலை அனுமதியில் வந்திருக்கும் தொழிலாளிக்கு இங்கே திருமணம் செய்ய அனுமதி இல்லை. அதை மறைத்து ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுப்பது அவள் வாழ்க்கையோடு விளையாடுவது.

தாய்மாமன் மகள், அத்தை மகன் உறவுகளுக்கு இந்தச் சட்டத்தில் தடையில்லை. அக்காள் மகளைக் கட்டும் இந்து வழக்கத்துக்கும் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

வீட்டில் எதிர்த்தால்

தமிழ் மரபில் இது புதிய விஷயம் அல்ல. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு தனித் துறையாகவே இருக்கிறது. கொடுப்பவர் இல்லாவிட்டாலும், சேர்ந்து போனவர்களுக்குத் திருமணச் சடங்கு உண்டு என்று தொல்காப்பியக் கற்பியல் ஒப்புக்கொள்கிறது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தோட்டங்களிலும் நகரங்களிலும் பேசினார். புரோகிதர் இல்லாமல், இருவர் சம்மதமே போதும் என்ற சுயமரியாதைத் திருமணம் அதன்பின் இங்கேயும் வேர்விட்டது. தமிழ்நாட்டில் 1967இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தம் அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. மலேசியாவில் அப்படிப்பட்ட தனிப்பிரிவு இல்லை, இங்கே சட்டத்துக்குத் தேவை பதிவு மட்டும். அது முடிந்தபின் மாலை மாற்றினாலும் மந்திரம் ஓதினாலும் உங்கள் விருப்பம்.

வயது நிறைந்தவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவரை வற்புறுத்தி மணம் செய்ய வைப்பதும், 21 நிறைந்தவர் முறைப்படி மணமுடிப்பதை வன்முறையாலோ மிரட்டலாலோ தடுப்பதும் சட்டம் 164இன்படி குற்றங்கள். ஐசியைப் பிடுங்கி வைப்பது, அறையில் பூட்டுவது, பையன் வீட்டுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் குடும்ப விவகாரம் என்று யாரும் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. தங்க இடமோ ஆலோசனையோ வேண்டுமென்றால் தாலியான் காசே உதவி எண், 15999.

நோட்டீஸ் பகிரங்கமாக ஒட்டப்படும் என்றேன். கூலிமில் யாராவது சொந்தக்காரர் கண்ணில் படலாம் என்பதை எதிர்பார்த்திருங்கள். ஆட்சேபம் உள்ளவர் பதிவதிகாரியிடம் எதிர்மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்குச் சட்டப்படியான காரணம் வேண்டும்: வயது போதவில்லை, ஏற்கெனவே திருமணமானவர், விலக்கப்பட்ட உறவு என்பது போல. "அவங்க வேற ஆளுங்க" என்பது சட்டத்தில் காரணமே இல்லை.

மகள் காணவில்லை என்று தகப்பன் பாலாயில் ரிப்போர்ட் கொடுப்பது வழக்கம். முந்திக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டுப் போகும் நாளிலேயே பெண் தன் ஐசியோடு காவல் நிலையத்துக்குப் போய், தன் விருப்பத்தின் பேரில் போவதாகத் தானே ரிப்போர்ட் கொடுத்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். துணைக்குப் பெரியவர் ஒருவர் இருந்தால் நல்லது. வீட்டுக்கு ஒரு தகவல் கட்டாயம் போக வேண்டும். நீளமாக எழுதத் தேவையில்லை. "அப்பா, நான் நல்லா இருக்கேன். என் விருப்பத்துலதான் போறேன், யாரும் கட்டாயப்படுத்தல. கூலிம்ல பதிவு முடிஞ்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லுங்க, சாப்பிடாம இருக்க வேணாம்னு. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்." இதுபோல ஒரு செய்தி போதும். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். கோபத்தில் தாம் பேசிய வார்த்தைகளுக்காகப் பின்னால் வருந்தும் பெற்றோர் பலர். அவர்கள் திரும்பி வர ஒரு வழி திறந்தே இருக்கட்டும்.

வீட்டைவிட்டுப் போகுமுன் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், வங்கி அட்டை, மருந்து ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நகையை எடுக்காதீர்கள். அது தவறு, அதோடு திருட்டுப் புகாருக்கும் இடமாகிவிடும்.

ஸ்காட்லாந்தே போக ஆசையா?

ஓடிப்போனவர்களின் ஊர் என்ற பெயர் ஸ்காட்லாந்துக்கு வந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் 1754இல் நடப்புக்கு வந்த சட்டம், 21 நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்தில் அந்த விதி இல்லை. காதலர்கள் குதிரை வண்டியில் எல்லை தாண்டி முதல் கிராமமான கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். அங்கே கொல்லன் பட்டறையில், இரண்டு சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டாலே திருமணம். 1856இல் 21 நாள் குடியிருப்பு விதி வந்து அந்த ஓட்டத்தை நிதானமாக்கியது. 1940இல் பட்டறைத் திருமணம் சட்டப்படி செல்லாமல் போயிற்று.

இன்று அங்குள்ள எந்தத் தீவில் மணமுடிக்கவும் குறைந்தது 29 நாட்களுக்கு முன் அந்தப் பகுதியின் பதிவாளரிடம் நோட்டீஸ் சேர வேண்டும், பதினாறு வயது நிறைந்த சாட்சிகள் இருவர் வேண்டும். சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகும் மலேசியரும், அங்கே மணமுடிக்க என்றால் திருமணத்துக்கான பயணி விசா எடுத்தே ஆக வேண்டும். திரும்பி வந்ததும் ஆறு மாதத்துக்குள் இங்கே பதிவு செய்ய வேண்டும். இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்று யோசியுங்கள். கடலும் மலையும் தனிமையும்தான் வேண்டுமென்றால் கோலகெடாவில் படகு நிற்கிறது.

லங்காவியில்

சுங்கைப்பட்டாணி வழியாக நெடுஞ்சாலை ஏறி, அலோர் ஸ்டாரில் இறங்கி, மேற்கே கோலகெடா ஜெட்டிக்குப் போகலாம். கார் இல்லாதவர்கள் சுங்கைப்பட்டாணியில் ரயிலேறி அலோர் ஸ்டாரில் இறங்கலாம். கோலகெடாவிலிருந்து லங்காவியின் குவா ஜெட்டிக்குப் படகில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். பெர்லிஸ் மாநிலத்துக் கோலபெர்லிஸிலிருந்து போனால் கடல் பயணம் இன்னும் குறைவு. கடல் ஒத்துக்கொள்ளாத பாட்டியை அழைத்துப் போவதாக இருந்தால் அந்த வழி நல்லது. பள்ளி விடுமுறையில் டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். ஐசி எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

மாதம் பார்ப்பது முக்கியம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே வறண்ட காலம், செப்டம்பர் அக்டோபரில் மழை அதிகம். நம் தை மாசி முகூர்த்தங்கள் வறண்ட காலத்தில் சரியாக வந்து அமர்கின்றன. ஆவணியின் பின்பாதியில் தேதி பார்ப்பவர்கள் மழைக்கு மாற்று இடம் வைத்திருக்க வேண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது கடினம். ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் லீமா வான், கடல் கண்காட்சி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பந்தாய் செனாங் கடற்கரையில் கூட்டமும் படகுச் சத்தமும் அதிகம். வடக்கே தஞ்சோங் ரூவில் சவுக்கு மரங்களும் சுண்ணாம்புப் பாறைகளும் உண்டு, ஆள் குறைவு. கடல் வற்றும் நேரத்தில் அங்கே மணல் வெகுதூரம் வெளிப்படும், ஆகவே அந்த நாளின் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நின்று மாலை மாற்றுவது வேறு, பந்தல் போட்டு நாற்காலி அடுக்குவது வேறு. இரண்டாவதற்கு ஹோட்டலிடமோ நகராண்மைக் கழகத்திடமோ அனுமதி கேளுங்கள். கோயில் சடங்கே வேண்டுமென்றால் தீவில் இந்துக் கோயிலும் உண்டு, பதிவுச் சான்றிதழ் நகலோடு நிர்வாகத்தை முன்கூட்டியே அணுகுங்கள்.

நம் நாட்டு நேரப்படி லங்காவியில் சூரியன் உதிப்பதே காலை ஏழு மணிக்கு மேல்தான். ஆறு மணி முகூர்த்தம் என்றால் இருட்டில் நிற்பீர்கள். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் வைத்தால் வெயிலும் ஏறாது, சுற்றுலாக் கூட்டமும் வராது. மாலை வேண்டுமென்றால் ஏழு மணிக்குக் கூட வெளிச்சம் இருக்கும். ஆனால் உடன் வந்தவர்கள் அன்றே திரும்ப முடியாது, அவர்களுக்கு அறை எடுக்க வேண்டிவரும்.

தாலி, மஞ்சள் கயிறு, குங்குமம், வெற்றிலை பாக்கு, எல்லாம் ஊரிலிருந்தே வரட்டும். மாலையைச் சுங்கைப்பட்டாணியில் கட்டச் சொல்லி, ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் மல்லிகை கறுத்துப்போகும், நடுவில் ஒரு தட்டி வேண்டும். கடற்காற்றில் கற்பூரம் நிற்காது, கண்ணாடிக் கூண்டு விளக்கு ஒன்று போதும். ஹோமம் வளர்க்க நினைக்காதீர்கள். தாம்பாளத்தில் வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால் குரங்குகள் வந்துவிடும், தட்டை மூடியே வையுங்கள். முடிந்ததும் பூ, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் எதையும் மணலில் விடாதீர்கள். 2007இலிருந்து யுனெஸ்கோ அங்கீகரித்த புவிப்பூங்கா அது.

நேரம் இருந்தால் மக்சூரி கல்லறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கணவன் போருக்குப் போயிருந்த காலத்தில், ஊர்வாய் சொன்ன பழியை நம்பி அந்தப் பெண்ணைக் கொன்றதாகக் கதை. சாகுமுன் அவள் ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்தாள் என்பார்கள். ஒரு பெண்ணின் வார்த்தையைக் கேட்காமல் ஊர் பேச்சைக் கேட்டால் என்ன நடக்கும் என்று அந்த இடம் புதுமணத் தம்பதிக்குச் சொல்லும்.

திரும்பி வந்த பிறகு

பதிவுச் சான்றிதழின் நகல்கள் எடுத்து, உறுதிப்படுத்தி வாங்குங்கள். வேலையிடத்தில் துணையின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஈபிஎஃப் வாரிசு நியமனத்தைப் புதுப்பியுங்கள். வீட்டோடு பேச்சு நின்றிருந்தால் முதல் தீபாவளிக்கு நீங்களே போய் வாசலில் நில்லுங்கள். உள்ளே கூப்பிடாவிட்டாலும் பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த வருடமும் போங்கள். மருமகன்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சான்றிதழின் அசலை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள்.